ஆன்லைன் பட்டத்தால் வகுப்பறைக்கு ஆசிரியர் வருவாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொலைநிலையில் பி.எட். படிக்கிறவர்களுக்குச் சில ஆண்டுகள் சனி, ஞாயிறுகளில் தொடர்பு வகுப்பும் எடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் பலர் போன் செய்கிறார்கள். தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டே படிக்க நினைக்கும் பெண்கள் ஒரு பக்கம். "எங்க ஊர்ப் பள்ளிக்கு கணக்கு வாத்தியார் போன வருஷம் போனவர்தான் சார், பதிலுக்கு ஆள் வரவே இல்லை" என்னும் பெற்றோர் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

பி.எட். முடித்தவர்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். பிறகு ஆசிரியர் பற்றாக்குறை என்பது எப்படி?

இரண்டுமே உண்மை. 2024–25 கல்வியாண்டுக்கான மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்பான யூடைஸ்படி நாட்டில் ஆசிரியர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அதே கணக்கில்தான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாக இருக்கின்றன. அவற்றில் 33 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் படிக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தாலே இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஒரே ஆசிரியர் உள்ள பள்ளியில் அவர் காய்ச்சலில் படுத்தால் பள்ளியே படுத்துவிடும்.

தமிழ்நாட்டையே பாருங்கள். 2022இல் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். தொடக்க வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். ஊரில் படித்தவர் இல்லாததால் இந்த இடங்கள் காலியாகவில்லை. நிரந்தர நியமனம் நடக்காததால் காலியாக இருந்தன.

ஆகவே பற்றாக்குறை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. தகுதியுள்ள ஆள் கிடைக்காதது ஒன்று. ஆள் இருந்தும் இடத்தை நிரப்பாதது இன்னொன்று. நிரப்பினாலும் வந்தவர் அந்த ஊரில் தங்காமல் அடுத்த கலந்தாய்விலேயே மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவது மூன்றாவது. நிரப்பாத இடத்துக்கு ஆன்லைன் படிப்பால் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு நியமன ஆணைதான் வேண்டும். மற்ற இரண்டுக்கும் அது நிச்சயம் உதவும்.

எப்படி உதவும்?

ஒரு மலைக் கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டிகிரி முடித்த ஒரு பெண் அங்கேயே கல்யாணமாகி இருக்கிறார். கைக்குழந்தை உண்டு. கல்வியியல் கல்லூரி கீழே சமவெளியில், பஸ்ஸில் போய்வர நான்கு மணி நேரம். அவரால் இரண்டு வருடம் தினமும் இறங்கி ஏற முடியாது, விடுதியிலும் தங்க முடியாது. ஆனால் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் அவர்தான், தற்காலிகமாகவோ தன்னார்வலராகவோ. அந்தப் பிள்ளைகளின் பேச்சு வழக்கு அவருக்குத் தெரியும். யார் வீட்டில் அறுவடை நேரத்தில் பிள்ளை பள்ளிக்கு வராது என்பதும் தெரியும். அவருக்குத் தகுதிச் சான்று கிடைத்துவிட்டால், அந்தப் பள்ளிக்கு ஊரை விட்டுப் போகாத ஓர் ஆசிரியர் கிடைக்கிறார்.

இந்த எண்ணம் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997இல் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி என்ற ஆன்லைன் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். அதன் தலைமையகம் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அந்தக் காலத்துக்குள் எத்தனை தாள் முடித்தாலும் சரி. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களை மனதில் வைத்து அமைத்த முறை அது. ஆனால் ஆசிரியர் பட்டத்துக்கு மட்டும் வீட்டிலிருந்தே முடித்துவிட வழியில்லை. கடைசியில் நிஜமான பள்ளியில் பல வாரங்கள் பாடம் நடத்திக் காட்டியாக வேண்டும். 2022 ஜனவரியில் டென்னசி மாநிலம் இன்னொரு வழியைத் தொடங்கியது. பள்ளியில் உதவியாளராக இருப்பவர் சம்பளம் வாங்கிக்கொண்டே ஆசிரியர் பட்டம் படிக்கலாம், தொழிற்பழகுநர் போல. ஏற்கெனவே பள்ளிக்குள் நிற்கிற ஆளைத் தேடிப் பிடித்ததுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, பயிற்சி பெறாமல் வேலையில் இருந்த ஆசிரியர்களுக்கு ஐந்து வருட அவகாசம் கொடுத்தது. அந்தக் கெடு 2015 மார்ச்சில் முடிந்தபோதும் லட்சக்கணக்கானவர்கள் பயிற்சி இல்லாமலே இருந்தார்கள். பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் மிக அதிகம். தனியார் பள்ளிகளில் எல்லா மாநிலத்திலும் இருந்தார்கள். இத்தனை பேரை உட்காரவைத்துப் படிப்பிக்கப் பயிற்சி நிறுவனங்களில் இடமில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பினால் வகுப்பறையில் ஆளில்லை.

அதனால் 2017 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி 2019 மார்ச் 31 வரை கெடுவை நீட்டினார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். தொடக்கக் கல்விப் பட்டயத்தை ஆன்லைனில் நடத்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். உலகத்தில் ஒரே நேரத்தில் இவ்வளவு ஆசிரியர்களைப் படிக்கவைத்த முயற்சிகள் மிகக் குறைவு. பாடம் மத்திய அரசின் ஆன்லைன் கல்வித் தளமான ஸ்வயத்தில் வரும். நெட் இல்லாத ஊருக்கு டிடிஎச் சேனலில் ஒளிபரப்பு. விடுமுறை நாட்களில் பக்கத்துப் பள்ளியில் தொடர்பு வகுப்பு. அப்புறம் தாங்கள் வேலை பார்க்கும் பள்ளியிலேயே செய்து முடிக்க வேண்டிய பணிகள்.

வழக்கமாக இரண்டு ஆண்டு நடக்கும் படிப்பு இது. "ஏற்கெனவே பாடம் நடத்துகிறவர்கள்தானே, ஆறு மாதப் பள்ளிப் பயிற்சி எதற்கு?" என்று அதை விட்டுவிட்டு 18 மாதத்தில் முடித்தார்கள். அவசரத்தில் எடுத்த முடிவு. காரணம் புரிகிறது. ஆனாலும் எனக்கு அது தப்பாகவே படுகிறது. பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறவருக்குத்தான் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து பார்த்து, "நீங்கள் கேள்வி கேட்டதும் முதல் பெஞ்சுப் பிள்ளைதான் பதில் சொல்கிறது, கவனித்தீர்களா?" என்று சொல்வது அவசியம். பழகிப்போன தவறு தானாகத் தெரியாது.

அந்த ஆறு மாதம்தான் பின்னால் கோர்ட்டுக்கும் போனது.

அப்படி 18 மாதம் படித்தவர்களின் பட்டயம் செல்லுமா?

இதைக் கேட்டு இன்னும் போன் வருகிறது. வேலையில் தொடர்வதற்கு அது செல்லும் என்பதில் சிக்கல் எழவில்லை. அதைக் காட்டிப் புதிய அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் வழக்கு வந்தது. இந்த 18 மாதப் படிப்பு, வேலையில் இருந்தவர்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் திறந்த ஒருமுறை வாசல்தான், இரண்டாண்டுப் பட்டயத்துக்கு இணையாகாது என்று 2023 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது பேரிடி. பிறகு 2024 டிசம்பரில் நீதிமன்றமே விளக்கம் கொடுத்தது. 2017 ஆகஸ்ட் 10 அன்று ஆசிரியர் பணியில் இருந்து, 2019 ஏப்ரல் 1க்கு முன் பட்டயத்தை முடித்தவர்களுக்கு அது செல்லுபடியாகும், வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், பதவி உயர்வுக்கும் காட்டலாம்.

ஆக, அந்தத் தேதியில் நீங்கள் வேலையில் இருந்ததற்கான வருகைப் பதிவேட்டு நகல், சம்பளச் சான்று, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட அனுபவச் சான்று மூன்றையும் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தனியார் பள்ளிகள் மூடிப்போனால் இதெல்லாம் கிடைக்காது.

பி.எட்.டை முழுக்க ஆன்லைனில் முடிக்க முடியுமா?

முடியாது. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு, அதாவது என்.சி.டி.இ., அப்படி ஒரு பி.எட்.டை அங்கீகரிக்கவில்லை. "வீட்டிலிருந்தே பி.எட்., வகுப்பு இல்லை, டீச்சிங் பிராக்டீஸ் இல்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று விளம்பரம் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள். வேறு மாநிலத்துக் கல்லூரிப் பெயரைச் சொல்லி, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்பவர்களும் இந்தக் கூட்டம்தான். பணம் போவதைவிட, பத்து வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு நிற்பது கொடுமை.

சட்டப்படி இருப்பது தொலைநிலை பி.எட்., குறைந்தது இரண்டு ஆண்டு. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துவது இந்த வகை. புத்தகமும் வீடியோவும் வீட்டில் இருந்தாலும், பயிலரங்கத்துக்கு நேரில் போக வேண்டும், பள்ளியில் பயிற்சி செய்ய வேண்டும், பரீட்சையை மையத்தில் போய் எழுத வேண்டும்.

அதில் யார் வேண்டுமானாலும் சேரலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிகிரி மட்டும் இருந்தால் போதாது. தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்று இப்போது ஆசிரியராக இருப்பவராகவோ, என்.சி.டி.இ. அங்கீகரித்த ஓர் ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவராகவோ இருக்க வேண்டும். டிகிரியில் மதிப்பெண் வரம்பும் உண்டு. அதாவது தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர் மேலே ஏறுவதற்கான படிக்கட்டு. புதிதாக வருகிறவருக்கு அதில் கதவு இல்லை. மேலே சொன்ன மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு இன்றைய விதிப்படி இந்த வழி மூடியே இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. யாருக்காகத் தொலைநிலைக் கல்வி மிகவும் தேவையோ அவரே வெளியே நிற்கிறார்.

பி.எஸ்ஸி., எம்.ஏ. போன்ற பட்டத்தை ஆன்லைனில் முடித்துவிட்டு, பி.எட்.டை மட்டும் கல்லூரியில் படிக்கலாமா?

படிக்கலாம். என்னைக் கேட்டால் பலருக்கும் இதுதான் நல்ல வழி. அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் மற்றும் தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பருவத்தில், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பாருங்கள். இப்போது அந்தத் தளத்தில் உங்களுக்கென ஓர் அடையாள எண் எடுத்தால்தான் சேரவே முடியும்.

தமிழ்நாட்டில் அரசு வேலை நினைப்பு இருந்தால் இன்னும் இரண்டு சொல்கிறேன். பத்தாவது, பிளஸ் டூ, அதற்குப் பிறகு டிகிரி என்ற வரிசை கெடக்கூடாது. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேரே வாங்கிய பட்டம் இங்கே அரசுப் பணிக்கு எடுபடாது. அப்புறம், முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருப்பது நல்லது. பி.காம். படித்துவிட்டு எம்.ஏ. தமிழ் முடித்தவர்கள் ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பு வந்த பிறகு என்னிடம் அழுதிருக்கிறார்கள். சேருவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்க ஆசை. எனக்கு ஆன்லைன் வழி உண்டா?

நேரடி வகுப்பில் தொடக்கக் கல்விப் பட்டயம் சேர்ந்துவிடும்மா. ஒன்று முதல் ஐந்து வரை பாடம் நடத்த பி.எட். செல்லாது, அந்தப் பட்டயம்தான் வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது.

டெட் எழுதாமல் தப்பிக்க முடியுமா?

டெட் என்பது ஆசிரியர் தகுதித் தேர்வு. எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறவருக்கு அதிலிருந்து தப்பிக்க முடியாது. எந்த முறையில் படித்தாலும் தேர்வு ஒன்றுதான். 150 மதிப்பெண்ணுக்கு நடக்கும். ஒருமுறை தேறினால் சான்று ஆயுளுக்கும் செல்லும். 2025 செப்டம்பர் 1இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியில் உள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்கிறது. ஐம்பது வயதில் பரீட்சைக்குப் படிக்கிற ஆசிரியர்களுக்கு நல்ல ஆன்லைன் பாடத்தை அரசே இலவசமாகக் கொடுக்கலாம். பயிற்சி மையங்களுக்குக் கட்டுகிற காசாவது மிஞ்சும்.

உள்ளபடி சொல்லுங்கள், ஆன்லைனில் படித்தவர் தரம் குறைவுதானே?

தொடர்பு வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உளவியல், கல்வித் தத்துவம், மதிப்பீடு போன்ற தாள்களில் வேலையில் இருந்துகொண்டு படிப்பவர்கள் கல்லூரிப் பிள்ளைகளைவிட நன்றாகவே பேசினார்கள். காலையில் படித்ததை மதியம் தங்கள் வகுப்பில் பொருத்திப் பார்க்கிறவர்கள் அவர்கள். ஒரு பெண் பின்னத்தைப் பற்றிய பாடத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் வந்து, "சார், அப்பளத்தை நாலா உடைச்சுக் காட்டினேன், துண்டெல்லாம் ஒரே அளவா வரல. அப்ப இது கால் இல்லையே டீச்சர்னு ஒரு பையன் கேட்டான்" என்றார். சம பங்கு என்ற கருத்து அந்தப் பையன் கேள்வியில் இருக்கிறது. அன்று முழு நேரமும் அதைத்தான் பேசினோம். எந்த வீடியோவிலும் அந்தப் பாடம் கிடைக்காது.

குறை வந்தது வேறிடத்தில். நேரடி பி.எட்.டில் இரண்டு ஆண்டிலும் சேர்த்து 20 வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. தொலைநிலையிலும் பல வாரப் பயிற்சி கட்டாயம். அதைக் கண்ணால் பார்க்க ஆளில்லை. ஒரு பள்ளியில், பயிற்சிக்கு வராத நாலு பேருக்கு மொத்தமாக வருகை போட்டுக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்கள். பாடக்குறிப்பு நோட்டுகள் நாலும் ஒரே கையெழுத்தில் இருந்தன. யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தது. நான் திருப்பி அனுப்பினேன். மறுவாரமே வேறொருவரிடம் காட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நால்வரும் இன்று எங்கோ பாடம் நடத்துகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனது ஆறுவதில்லை. நேரடிக் கல்லூரிகளிலும் இந்த ஊழல் உண்டு. இந்த விஷயத்தில் படிக்கும் முறையைவிட, பள்ளியில் பக்கத்தில் நின்று பார்க்கும் மூத்த ஆசிரியர் இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் தரத்தைச் சொல்ல முடியும்.

இலங்கையில் இது எப்படி?

அங்கே பட்டதாரியை முதலில் ஆசிரியராக நியமித்துவிட்டு, பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கச் சொல்வது பழைய வழக்கம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அதைத் தமிழ் மொழியிலும் நடத்துகிறது. வேலையும் சம்பளமும் கையில் இருக்கும்போது படிப்பதால் நடுவில் விடுகிறவர் குறையலாம். ஆனால் பயிற்சி பெறும்வரை அந்தப் பிள்ளைகள் பயிற்சியில்லாத ஆசிரியரிடம்தான் படிக்கிறார்கள்.

அரசு என்ன செய்தால் இது பலன் தரும்?

ஆள் வராத ஊர்களின் பட்டியல் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருக்கிறது. அந்த ஊர்களிலேயே தற்காலிகமாகப் பாடம் நடத்துகிற பட்டதாரிகளை எடுத்து, அவர்களுக்கு மட்டும் தொலைநிலை பி.எட்.டின் கதவைத் திறக்கச் சொல்லி என்.சி.டி.இ.யிடம் கேட்கலாம். கட்டணத்தை அரசு கட்டட்டும். படித்து, டெட்டும் தேறினால் அதே பள்ளியில் நிரந்தர இடம், பதிலுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் மாறுதல் கேட்கக்கூடாது. பள்ளிப் பயிற்சியை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். ஆறு மாதத்தைத் தள்ளிவிட்ட 2017 அவசரம் மறுபடி வேண்டாம். இடமே இல்லாமல் பட்டத்தை மட்டும் கொடுத்தால், வேலை கிடைக்காத பி.எட். வரிசையில் இன்னும் சிலரைக் கொண்டுபோய் நிறுத்தியதாகத்தான் ஆகும்.

தொலைநிலை பி.எட்.டில் சேர்ந்துவிட்டேன். பள்ளிப் பயிற்சியில் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் சொந்தப் பள்ளியிலேயே பயிற்சி என்றால், தலைமையாசிரியரிடம் கேட்டு வாரம் ஒரு பீரியடாவது ஒரு மூத்த ஆசிரியரைப் பின் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். "நல்லா இருந்துச்சு" என்ற வார்த்தையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை, எத்தனை நிமிடம் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன், எந்த இடத்தில் பிள்ளைகள் முழித்தார்கள் என்ற மூன்றையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறொருவர் வகுப்பிலும் போய் உட்காருங்கள், முடிந்தால் இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்து நடத்தும் ஈராசிரியர் பள்ளியில். பாடக்குறிப்பை உங்கள் கையால் எழுதுங்கள். வகுப்பு முடிந்ததும் அதன் கீழேயே, நினைத்தபடி நடக்காததை இரண்டு வரி எழுதி வையுங்கள். தொடர்பு வகுப்புக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். நான் முதலில் புரட்டுவது அந்த இரண்டு வரியைத்தான்.